பச்சை பூசிய ஊர்

ஜலஜாக்ஷிக்குத் தன் வீட்டு அடுக்களையில் மிளகாய்ப்பொடி டப்பா எந்த அலமாரியில் இருக்கிறது என்று தெரியாது. அவள் கணவன் சுரேந்திரா வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிச் சிரிப்பான். "டப்பாவைக் கேட்டா முழிப்பா. தாலூகால எந்தக் குரங்கு எந்த மரத்தடியில செத்துக் கிடக்குன்னு கேளுங்க, கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவா." அவளுக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான். அந்த வருஷத்துக்கு அப்புறம் அவன் அந்தக் கேலியை விட்டுவிட்டான். அவள் கேட்டுக்கொண்டு அல்ல, அவனுக்கே வாய் வரவில்லை.

கர்நாடகத்து மலைப்பகுதியான மலெநாட்டில், சிற்றூர் ஒன்றின் தாலூகா சுகாதார அலுவலகத்தில் கணினியில் விவரம் ஏற்றுகிற வேலை அவளுக்கு. ஒப்பந்த வேலைதான். ஒவ்வொரு மார்ச்சிலும் நீட்டிப்பார்களா மாட்டார்களா என்று காத்திருக்க வேண்டும். அப்பா தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். பள்ளிக்கூட விடுமுறையெல்லாம் அந்த பஸ்ஸின் முன் சீட்டில் கழித்தவள் ஆகையால் எந்த ஊருக்கு அப்புறம் எந்த ஊர் என்பது அவளுக்கு மனப்பாடம். கல்லூரியிலும் பூகோளம்தான் படித்தாள். இலாகா ஒரு வரைபட மென்பொருளை அனுப்பி, யாராவது கற்றுக்கொள்ளுங்கள் என்று சொன்னபோது மற்றவர்கள் எழுந்து காபி குடிக்கப் போனார்கள். இவள் உட்கார்ந்தாள்.

அங்கே நெல் அடித்து முடிந்ததிலிருந்து முதல் மழை விழும்வரை குரங்குக் காய்ச்சல் காலம். காட்டில் ஒரு குரங்கு நோயில் சாய்ந்தால், அதன் ரத்தம் குடித்த உண்ணிகள் அந்த இடத்திலேயே உதிர்ந்து சருகுக்குள் அடுத்த ஆளுக்காகக் காத்திருக்கும். அடுத்த ஆள் என்பது பெரும்பாலும் மாட்டுக் கொட்டிலுக்கும் பாக்குத் தோட்டத்துக்கும் சருகு அள்ள வருகிற பெண். குரங்கு விழுந்த இடம் தெரிந்துவிட்டால் மற்றது எல்லாம் தெரிந்த மாதிரி. உண்ணி ஒட்டாமல் இருக்கக் கைகாலில் பூசுகிற எண்ணெயை அந்த ஊருக்குக் கொடுக்கலாம், அந்தக் காட்டில் மருந்துத் தூள் தூவலாம், அங்கே யாருக்காவது காய்ச்சல் என்றால் அன்றைக்கே ரத்தம் எடுத்துப் பார்க்கலாம். எல்லா ஊருக்கும் போதுகிற அளவு எண்ணெய் எந்த வருஷமும் வந்ததில்லை. அதனால்தான் வரைபடம் வேண்டியிருந்தது.

அவளுக்குக் கண்ணும் காலுமாக இருந்தவர் கெரியப்பா. குரங்குச் சாவைப் பார்த்துச் சொல்வதற்கென்று இலாகா வைத்திருந்த ஆள். முன்பெல்லாம் ஊர்ப் பேரைத் தாளில் எழுதிக் கொடுப்பார். அந்த வருஷம்தான் அவருக்கு ஒரு கைபேசி கொடுத்தார்கள். செத்த குரங்கைப் படம் எடுத்துப் பொத்தானை அழுத்தினால் போதும், படம் எடுத்த இடம் தானாகவே ஜலஜாக்ஷியின் திரையில் ஒரு சிவப்புப் புள்ளியாக வந்து உட்காரும். கெரியப்பா பக்திமான். அவர் அனுப்பும் படத்தில் குரங்கு வெறுமனே கிடக்காது. பாக்குப்பாளையில் படுக்கவைத்து, நெற்றியில் குங்குமம் இட்டு, கழுத்தில் கனகாம்பர மாலை போட்டு, பக்கத்தில் உடைத்த தேங்காய் மூடி இரண்டும் இருக்கும்.

"கெரியப்பண்ணா, செத்த குரங்கைக் கேட்டா கல்யாண மாப்பிள்ளையை அனுப்பறீங்களே" என்பாள் ஜலஜாக்ஷி.

"ஆஞ்சநேயனை அழுக்கும் ஈயுமா போட்டோ எடுத்து ஆபீசுக்கு அனுப்பச் சொல்றியா மகராசி? எனக்குப் பேரன் பேத்தி நல்லா இருக்க வேண்டாமா?"

அலுவலகமே சிரிக்கும். அவளும் சிரித்துக்கொண்டே படத்தைப் பெரிதாக்கி, ஆணா பெண்ணா, கருமூஞ்சியா சாதாரணக் குரங்கா என்று குறித்துக்கொண்டு அடுத்ததற்குப் போவாள்.

சங்கராந்தி கழிந்ததும் புள்ளிகள் ஆனெகொப்பாவில் குவிய ஆரம்பித்தன. ஆஞ்சநேயர் கோயில் இருக்கிற ஊர் அது. நிகழ்வுகள் எங்கே அடர்த்தியாக இருக்கின்றன என்று பார்த்து வட்டம் போட்டுக் காட்டும் வசதி மென்பொருளில் இருந்தது. அவள் ஓட்டிப் பார்த்தாள். கோயிலைச் சுற்றி இறுக்கமான ஒரு வட்டம் விழுந்தது. இது தற்செயலாக நேர்ந்திருக்க வாய்ப்பே இல்லை என்று கீழே ஒரு வரியும் வந்தது. இத்தனை துல்லியத்தை அவள் அதுவரை பார்த்ததில்லை. மனசு துள்ளியது.

குரங்குச் சாவு பதிவாகாத ஊர்களை மென்பொருள் நிறம் எதுவும் இல்லாமல் வெறுமையாக விட்டிருந்தது. பார்க்க நன்றாக இல்லை என்று அவற்றுக்குப் பச்சை பூசியவள் ஜலஜாக்ஷிதான். யாரும் சொல்லவில்லை. சுற்றிலும் பாக்குத் தோட்டப் பச்சை, நடுவில் ஆனெகொப்பா மட்டும் குங்குமப் பொட்டாக. தாலூகா வைத்திய அதிகாரி டாக்டர் சந்தேஷ் அதை மாவட்டக் கூட்டத்தில் காட்டினார். கைதட்டினார்கள். ஃபிளெக்ஸில் அச்சடித்து எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்துச் சுவரிலும் மாட்டினார்கள். சுரேந்திரா ஒரு ஃபிளெக்ஸுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினான். எண்ணெய் பாட்டில்கள் ஆனெகொப்பாவுக்குப் போயின. மருந்துத் தூளும் கோயிலைச் சுற்றித்தான் விழுந்தது. அந்த ஊர்க்காரர்கள் தும்மிக்கொண்டே திட்டினார்கள்.

பிப்ரவரிக் கடைசியில் ஹாலம்மா வந்தாள். ஆனெகொப்பாவுக்கு ஓடை தாண்டி அக்கரையில், காட்டை ஒட்டி இருக்கிற கானுமனெ என்ற ஊர்க்காரி. வருஷா வருஷம் காட்டு மாவடு பறித்து அலுவலகத்துப் பெண்களுக்குக் கொண்டுவந்து விற்பாள். தலை நிறையக் கனகாம்பரம், வாய் நிறைய வெற்றிலை. அவள் வந்தால் அலுவலகத்தில் வேலை நின்றுவிடும்.

"வாசனை பாரு ஜலஜக்கா. இந்த மரத்து வடுவை ஊறுகாய் போட்டா உன் வீட்டுக்காரன் உன்னைத் திட்டறதை மறந்துடுவான்."

"எங்க வீட்டுல ஊறுகாய் போடறதே அவருதான்."

"அப்ப அவரைக் கட்டினதுக்கு நீ குடுத்து வச்சவ." ஹாலம்மா பையைக் கீழே வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அந்த எண்ணெய் ரெண்டு பாட்டில் கிடைக்குமா அக்கா? சருகு அள்ளப் போகணும். எங்க வீட்டுக்குப் பின்னாடி மேட்டுல குரங்கு விழுந்துச்சு. பயமா இருக்கு."

"கெரியப்பண்ணாவுக்குச் சொன்னியா?"

"சொல்லாமயா? அவர்தானே போட்டோ எடுத்தாரு."

"அவர் எடுத்திருந்தா இங்க வந்திருக்கும், ஹாலம்மா." ஜலஜாக்ஷி திரையை அவள் பக்கம் திருப்பினாள். "பாரு, இது ஓடை. இது உங்க ஊரு. ஒரு புள்ளி கூட இல்லை. முழுப் பச்சை. பாட்டில் கொஞ்சம்தான் வந்திருக்கு, ஆனெகொப்பாவுக்கே பத்தலை."

ஹாலம்மா குனிந்து பார்த்தாள். தன் ஊரை அப்படி மேலே இருந்து அவள் பார்த்ததே இல்லை. விரலால் தொடப் போய், வெற்றிலைக் கறை என்று கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"பச்சைன்னா நல்லதுதானே?"

"நல்லதுதான்."

"அப்ப அந்தக் குரங்கு வயசாகி விழுந்திருக்கும். சும்மா பயந்து செத்தேன் பாரு" என்று சிரித்துவிட்டுப் போனாள். ஜலஜாக்ஷி அன்றைக்கு நல்லது செய்த திருப்தியோடு வீட்டுக்குப் போனாள். அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குத் தன்மேல் அருவருப்பு வருகிறது.

மார்ச்சில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவள் அம்மா வீட்டுக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தாள். ஆனெகொப்பாத் திருப்பத்தில் பஸ் நின்றது. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டுக் கைகூப்பினார். முன்னால் சேகண்டிச் சத்தம். குரங்கு ஊர்வலம். ஒரு மூங்கில் கழியில் பாக்குப்பாளையைத் தூளி மாதிரி கட்டி, அதில் குரங்கைக் கிடத்தி இரண்டு பேர் தோளில் சுமந்து வந்தார்கள். பஸ்ஸில் எல்லோரும் கும்பிட்டார்கள். ஜலஜாக்ஷியின் கையும் தானாகக் கூடியது. அவள் அப்பா இதே மாதிரி எத்தனை தடவை விசில் ஊதி பஸ்ஸை நிறுத்தியிருக்கிறார்! சின்னப் பெண்ணாக இறங்கி ஓடிப்போய்ப் பூப் போட்டுவிட்டு வந்ததுகூட அவளுக்கு ஞாபகம் இருந்தது.

சேகண்டி அடித்துக்கொண்டு வந்தவர் கெரியப்பா. அவருடைய வேட்டியும் மற்ற இரண்டு பேருடைய வேட்டியும் முழங்கால்வரை நனைந்திருந்தன. ஆனெகொப்பாவில் அந்த மாசத்தில் கால் நனைய எங்கே தண்ணீர்? ஓடையில் இறங்கி வந்தால்தான் உண்டு. கூப்பிய கை கூப்பியபடியே இருக்க அவள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

"கெரியப்பண்ணா, எங்கேர்ந்து வர்றீங்க?"

"கானுமனெலேர்ந்து."

அவள் பையைக்கூட எடுக்காமல் இறங்கினாள். கண்டக்டர்தான் பின்னாலேயே பையை வீசிவிட்டுப் போனார்.

"குரங்கு அங்கேயா விழுந்துச்சு?"

"அங்கதான். கையால தொடலை தாயே, கழியாலதான் தூக்கினோம், அதுக்குத் திட்டாதே."

"இங்க ஏன் கொண்டுவர்றீங்க?"

கெரியப்பா அடிப்பதை நிறுத்திவிட்டு அவளை ஒரு மாதிரி பார்த்தார். "அடக்கம் இங்கதானே ஜலஜம்மா? சுத்துப்பட்டுல எங்க விழுந்தாலும் இந்தக் கோயிலுக்குப் பின்னாடிதான் இடம். நீ இந்த மண்ணுல பொறந்தவ, உனக்குத் தெரியாததா?"

"போட்டோ எங்க எடுப்பீங்க?"

"குழியில இறக்கறதுக்கு முன்னாடி, இங்க. அலங்காரம் முடிஞ்சாத்தானே எடுக்க முடியும்?"

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான். ஏன், படம் சரியா விழலையா?"

தற்செயல் இல்லை என்று மென்பொருள் சொன்னது பொய் இல்லை. ஊர் கூடித் தூக்கிவந்து வைக்கிற இடத்தில் குவியாமல் வேறு எங்கே குவியும்? அவள் வட்டம் போட்டது நோய்க்கு இல்லை, இடுகாட்டுக்கு. எந்தக் குரங்காவது தன் கழுத்தில் தானே மாலை போட்டுக்கொண்டு செத்து விழுமா? அந்த மாலையைப் பார்த்துப் பார்த்துக் கேலி செய்தவள் அவள். ஒரு நாளாவது, இதை யார் போட்டார்கள், எங்கே வைத்துப் போட்டார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. கெரியப்பாமேல் கோபப்படலாம் என்று பார்த்தாள். குரங்கைக் காட்டு என்றார்கள், அவர் காட்டினார். எங்கே செத்தது என்று அவரை யாரும் கேட்கவே இல்லை.

"ஹாலம்மா எப்படி இருக்கா?" என்றாள்.

"உனக்குத் தெரியாதா? காய்ச்சல்னு படுத்துக் கிடந்தா. நேத்து பல் ஈறுல எல்லாம் ரத்தம் வந்து, கடற்கரை ஊரு பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருக்காங்க."

அங்கேயே ரோட்டோரத்தில் நின்று டாக்டர் சந்தேஷுக்குப் போன் போட்டாள். அவர் நல்ல மனிதர்தான், ஆனாலும் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு முதலில் சொன்னது, "அய்யோ, ஃபிளெக்ஸெல்லாம் மாட்டியாச்சே!" என்பது. பிறகு சுதாரித்துக்கொண்டு ஜீப்பை அனுப்பினார். அன்று சாயங்காலமே எண்ணெயும் ரத்தம் எடுக்கிறவர்களும் ஓடை தாண்டினார்கள். கானுமனெயில் இன்னும் சிலருக்குக் காய்ச்சல் இருந்தது. உடனே பார்த்ததால் அவர்கள் பிழைத்தார்கள். ஹாலம்மா அடுத்த வாரம் செத்துப்போனாள்.

கருமாதி முடிந்த பிறகுதான் ஜலஜாக்ஷி கானுமனெக்குப் போனாள். முன்னாலேயே போயிருக்க வேண்டும், தைரியம் வரவில்லை. முற்றத்தில் பாக்கு காய்ந்துகொண்டிருந்தது. ஹாலம்மாவின் புருஷன் நிங்கப்பா பாயை இழுத்துப் போட்டு, மோரும் கொண்டுவந்து வைத்தார்.

"உங்க பேரைச் சொல்லிக்கிட்டே இருந்தாம்மா. காய்ச்சல் வந்தப்ப நான் சொன்னேன், இது அந்தக் குரங்குக் காய்ச்சலா இருக்கும், டவுனுக்குப் போலாம்னு. அவ கேக்கலை. சீ, பேசாம இரு, ஜலஜக்கா படத்துல காட்டினா, நம்ம ஊரு பச்சைன்னு சொல்லிட்டா. இங்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். அங்கயும் சுவத்துல அதே படம். கானுமனெயா, அங்க ஒண்ணுமில்லைன்னு மாத்திரை குடுத்து அனுப்பிட்டாங்க. அஞ்சு நாள் போச்சு."

அவள் மோரைக் கீழே வைத்தாள். அவள் எதையும் மறைக்காமல் சொன்னாள். பச்சை பூசியது தான்தான் என்று சொன்னாள். குரங்கு விழுந்ததை ஹாலம்மா தன் வாயால் சொல்லியும் கேட்காமல் திரையைக் காட்டியதைச் சொன்னாள். புள்ளிகள் ஏன் ஆனெகொப்பாவில் விழுந்தன என்பதையும் சொன்னாள். அவர் திட்டினால் தேவலை என்று இருந்தது. நிங்கப்பா எழுந்து பாக்கைக் கிளறப் போனார்.

"மேட்டுல விழுந்ததை நான்தான் தோள் கொடுத்துத் தூக்கிட்டுப் போனேன்" என்றார் கிளறிக்கொண்டே. "அவதான் மாலை கட்டினா. வீட்டுப் பூதான். ஆஞ்சநேயன் நம்ம வாசல்ல வந்து விழுந்திருக்கான், வெறுங்கழுத்தோட அனுப்பக் கூடாதுன்னா."

முற்றத்து ஓரத்தில் கனகாம்பரச் செடி பறிக்க ஆள் இல்லாமல் பூத்துக் கிடந்தது. அந்தப் பூவை ஜலஜாக்ஷி ஹாலம்மாவின் தலையில் பார்த்திருக்கிறாள், படத்தில் குரங்கின் கழுத்திலும் பார்த்திருக்கிறாள். அவள் வாய்விட்டு அழுதாள். நிங்கப்பா அழவில்லை. அழுது முடிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தார்.

அவள் வந்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. ஹாலம்மாவின் சாவை ஆஸ்பத்திரி பதிவு செய்தபோது மென்பொருள் அதைக் கடற்கரை ஊரில் புள்ளியாக வைத்துவிட்டது. செத்த பிறகும் அவள் ஊர் பச்சையாகவே இருந்தது. ஹாலம்மா எங்கே சருகு அள்ளினாள் என்று காட்ட முடியுமா என்று ஜலஜாக்ஷி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"இப்ப அது எதுக்கும்மா?" என்றார் நிங்கப்பா. ஆனாலும் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டார். கைகாலில் எண்ணெய் பூசிக்கொண்டு இருவரும் மேடேறினார்கள். ஒரு பலாமரத்தடியில், வாய் கட்டின வலைப்பை ஒன்று சருகு திணித்தபடி கிடந்தது. தூக்கிவர ஹாலம்மா திரும்பி வரவில்லை, வேறு யாரும் தொடவும் இல்லை. ஜலஜாக்ஷி அதன் பக்கத்தில் நின்று கைபேசியின் பொத்தானை அழுத்தினாள். கானுமனெக்கு விழுந்த முதல் சிவப்புப் புள்ளி அது.

பிறகு கெரியப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொரு குரங்கையும் அது விழுந்த இடத்துக்குத் திருப்பிக் கொண்டுபோனாள். "இது பலாமரத்து மேடு... இது ஓடைக்கரை..." என்று அவர் சொல்லச் சொல்லப் புள்ளிகள் கோயிலை விட்டு எழுந்து அக்கரைக்குப் போயின. வட்டமும் போனது. கெரியப்பா நடுவில் துண்டை முகத்தில் வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து அவர் குரங்கைக் கண்ட இடத்திலேயே முதலில் ஒரு படம் எடுக்கிறார், அலங்காரம் இல்லாமல். எடுக்கும்முன் ஆஞ்சநேயரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறார். பச்சையை ஜலஜாக்ஷி அடியோடு எடுத்துவிட்டாள். தகவல் இல்லாத ஊர் இப்போது வெறும் வெள்ளை. வெள்ளையாக இருந்தால் வேலையே நடக்காத மாதிரி தெரிகிறது என்று மேலதிகாரிகள் முணுமுணுத்தார்கள். மாற்ற மாட்டேன் என்றாள். மார்ச்சில் ஒப்பந்தத்தை நீட்டாவிட்டாலும் சரி என்றாள். எப்படியோ நீட்டினார்கள்.

ஹாலம்மா கடைசியாகக் கொண்டுவந்த மாவடுவை சுரேந்திரா அன்றைக்கே ஊறுகாய் போட்டிருந்தான். அந்த ஜாடியை அவர்கள் திறக்கவே இல்லை. மிளகாய்ப்பொடி டப்பா இருக்கும் இடம் தெரியாதவளுக்கு அந்த ஜாடி இருக்கும் இடம் மட்டும் நன்றாகத் தெரியும்.

அடுத்த வருஷம் மாவடுக் காலத்தில் நிங்கப்பா அலுவலகத்துக்கு வந்தார். வியாபாரம் அவருக்கு வராது. பையை மேஜைமேல் வைத்துவிட்டு நின்றார்.

"அவ மரம்தான். அவ இருந்தா உங்களுக்குத்தான் முதல்ல கொண்டாந்திருப்பா."

ஜலஜாக்ஷி எழுந்தாள். பையை வாங்கிக்கொண்டாள்.

"சருகு அள்ளணும். மாடு ஈரத்துல நிக்குது. என் தங்கச்சி மக போறேங்கறா." நிங்கப்பா திரையின் முதுகைப் பார்த்தார். "எங்க ஊரு இப்ப எப்படிம்மா இருக்கு?"

அவள் கை பழக்கத்தில் திரையைத் திருப்பப் போனது. பாதியில் நிறுத்தி, அதை அணைத்தாள். நாற்காலியை அவருக்கு நேராக இழுத்துப் போட்டாள்.

"நீங்க சொல்லுங்க. உங்க பக்கம் குரங்கு ஏதாவது விழுந்துச்சா?"

"ஒண்ணு விழுந்துச்சு. முந்தாநாள். ஓடைக்கு எங்க பக்கம்."

கெரியப்பாவிடமிருந்து இன்னும் படம் எதுவும் வரவில்லை. வரும், வராமலும் போகும். அவள் அலமாரியைத் திறந்து எண்ணெய் பாட்டில்களை எடுத்து, மாவடு இருந்த பையிலேயே போட்டுக் கொடுத்தாள். இந்தத் தடவை கேட்டவுடன் கொடுத்தாள். போன வருஷமும் இதே அலமாரியில்தான் இருந்தன.